எழுத்தைத் திருத்திய இத்தாலியர்

திருச்சிராப்பள்ளி என்றதும் நினைவுக்கு வருவது மலைக்கோட்டை. பொன்மலைப் பணிமனைக்குச் செல்லும் தோழரும், காந்தி சந்தையிலே மூட்டை சுமக்கும் தோழரும் நாள் தவறாமல் காணும் பெயர் அது. பேருந்தின் நெற்றியிலே இருக்கிறது. கடைப் பலகையிலே இருக்கிறது. அந்தப் பெயரில் வரும் ‘கோ’ என்னும் எழுத்தைச் சற்று உற்று நோக்குங்கள். எழுத்தின் முன்னே ஒரு கொம்பு நிற்கிறது. அந்தக் கொம்பின் மேலே, கூடுதலாக ஒரு சுழி இருக்கிறது.

அந்தச் சுழியை அழித்துவிட்டால் என்ன ஆகும்? மலைக்கோட்டை மலைக்கொட்டையாகிவிடும்! கோடி கொடியாகும். தேன் தென்னாகும். ஏரியிலிருந்து கீழ்க்கோட்டை எடுத்துவிட்டால் எரியாகும். நீர் நிற்க வேண்டிய இடத்திலே நெருப்பு நிற்கும்!

இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் அந்தச் சிறு சுழி அகத்தியர் தந்தது அன்று. தொல்காப்பியர் தந்ததும் அன்று. வள்ளுவர் குறளை எழுதியபோது அது இல்லை. இளங்கோவுக்கும் கம்பருக்கும் அது தெரியாது. அதைத் தமிழுக்குத் தந்தவர் தமிழ்நாட்டிலே பிறந்தவரே அல்லர். இத்தாலி நாட்டிலே பிறந்து, கடல் கடந்து வந்து, திருச்சிச் சீமையிலே வாழ்ந்து, தமிழ்ப் புலவராய் மறைந்த ஒருவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது அவர் பெற்றோர் இட்ட பெயர். வீரமாமுனிவர் என்பது தமிழகம் இட்ட பெயர்.

புலவர் அவைகளிலே இது பழைய செய்தி. ஆனால், நாள்தோறும் அந்த எழுத்தை எழுதுகிற, படிக்கிற, கையொப்பமாக இடுகிற பாட்டாளித் தோழர் எத்தனை பேருக்கு இது எட்டியிருக்கிறது? அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

மாந்துவாவிலிருந்து மதுரைச் சீமைக்கு

வட இத்தாலியிலே மாந்துவா நகருக்கு அருகே காஸ்திக்லியோனே என்றோர் ஊர். அங்கே 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் பிறந்தார் பெஸ்கி. பதினெட்டாவது வயதிலே, 1698-இல், இயேசு சபையிலே சேர்ந்தார். குருவானார். 1710-இல் கோவா வந்து இறங்கினார். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான்.

வந்த வேலை மதப் பிரசாரம். அதை மறைக்க வேண்டியதில்லை. இங்கே அவருக்கு முன்னே ஒருவர் வழி போட்டு வைத்திருந்தார். ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியர் 1606-இல் மதுரைக்கு வந்து, சந்நியாசிக் கோலம் பூண்டு, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்று வாழ்ந்து காட்டியிருந்தார். பெஸ்கியும் அந்த வழியிலே நடந்தார். ஐரோப்பிய உடையைக் களைந்தார், காவி உடுத்தினார். கான்ஸ்டன்டைன் என்ற பெயருக்கு உறுதியுடையவர் என்பது பொருள். அதைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். பிறகு வந்ததுதான் வீரமாமுனிவர் என்னும் பெயர். தைரியம் என்ற வடசொல் போய், வீரம் வந்தது.

மக்களிடம் பேசத் தெரிந்தால் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. ஏடுகளைத் தேடித் தேடிக் கற்றார். சுப்ரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் பாடம் கேட்டார் என்பது வழிவழி வந்த செய்தி. இந்தச் செய்தியை வைத்துக்கொண்டே பிற்காலத்தில் சிலர் ஒரு வம்பும் வளர்த்தார்கள்: முனிவர் பெயரிலுள்ள காவியத்தை ஒரு வெள்ளைக்காரர் பாடியிருக்க முடியாது, ஆசிரியர்தான் பாடிக் கொடுத்திருப்பார் என்று! தமிழ் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதைப் பிறப்பை வைத்தே முடிவு கட்டும் பழக்கம் இந்த நாட்டிலே எந்தெந்த வடிவத்தில் எல்லாம் தலைகாட்டுகிறது பாருங்கள்.

அரண்மனையிலே தெலுங்கு, ஆற்றங்கரையிலே தமிழ்

அந்த நாளிலே திருச்சிராப்பள்ளிதான் மதுரை நாயக்கர்களின் தலைநகரம். 1706 முதல் 1732 வரை அரியணையில் இருந்தவர் விசயரங்க சொக்கநாதர். திருவரங்கம் கோயிலிலே அவருக்கு இருந்த ஈடுபாடு ஊரறிந்தது. குடும்பத்தாரோடு அவர் நிற்கும் உருவச் சிலைகளை இன்றும் அந்தக் கோயிலுக்குள்ளே காணலாம். திருவரங்கத்தின் பெருமையை அவரே ஒரு நூலாகவும் எழுதினார். எந்த மொழியிலே? தெலுங்கிலே!

தெலுங்கு நமக்குப் பகைமொழி அன்று. அது நம் உடன்பிறந்த மொழி. அரசருக்குத் தாய்மொழி தெலுங்கு. அவர் அதிலே எழுதியதிலே குற்றம் இல்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆழ்வார்கள் தமிழிலே பாடிய திருவரங்கத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டிருந்த அந்த அரண்மனையிலே, தமிழுக்குத் தலைமை இருக்கை இல்லை. வடமொழிக்கு உண்டு, தெலுங்குக்கு உண்டு. ஊர் மக்களின் மொழி அரசவைக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தது.

அதே காலத்திலே, கொள்ளிடத்தின் வடகரையிலே, மழவராயர்கள் ஆண்ட அரியலூர்ப் பாளையத்துக்கு உட்பட்ட ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூரிலே, இத்தாலியிலே பிறந்த ஒருவர் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருந்தார். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அதன்மேல் கலம்பகம் பாடினார். 1726-இல் தேம்பாவணியை முடித்தார். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 பாடல்கள். ஏசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட காவியம் அது. தச்சு வேலை செய்து பிழைத்த ஒருவரைத் தலைவராக்கி, வளன் என்று தமிழ்ப் பெயர் சூட்டி, பெருங்காவியம் பாடியிருக்கிறார். மன்னர்களையும் தெய்வங்களையும் பாடிப் பழகிய காவிய மரபிலே, உளியும் இழைப்புளியும் பிடித்த கை ஒன்று தலைமை பெற்றது.

புள்ளி போய்ச் சுழி வந்த கதை

இனி எழுத்துக்கு வருவோம்.

எகரமும் ஒகரமும் பண்டைத் தமிழிலே எழுதப்பட்ட முறை வேறு. ‘எ’ என்ற உருவத்தை அப்படியே எழுதினால் அது நெடில். அதன் தலைமேல் ஒரு புள்ளி வைத்தால் குறில். ‘ஒ’ என்பதற்கும் அதே முறைதான். தொல்காப்பியம் அப்படித்தான் விதித்தது. நன்னூலும் அதைத்தான் சொன்னது. உயிர்மெய்க்கும் இதே வழக்கு. புள்ளி இல்லாத ஒற்றைக் கொம்பு நெடில். புள்ளி வைத்தால் குறில்.

இலக்கணத்திலே இது சரி. ஓலையிலே வந்ததுதான் தொல்லை! எழுத்தாணியால் ஓலையிலே கீறுகிறோம். கோடு கீறினால் ஓலை தாங்கும். புள்ளி குத்தினால் பொத்தல் விழும். ஆகவே, ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். விளைவு? குறிலும் நெடிலும் ஒரே உருவம். படிப்பவர்தான் இடம் பார்த்து, பொருள் பார்த்து, இது கொடியா கோடியா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். செய்யுளாக இருந்தால், யாப்புத் தெரிந்தவர் ஓசையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஏழை என்ன செய்வான்? சொல்லிக் கொடுக்க ஒருவர் பக்கத்திலே இல்லாமல் ஏட்டைத் திறக்கவே முடியாது. அதனால், படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் ஒரு குறையாகவே படவில்லை. அவர்களுக்கு அது பழகிப்போயிற்று. பல தலைமுறை அப்படியே போயிற்று.

வெளியிலிருந்து வந்து, எழுத்துக் கூட்டித் தொடங்கிய ஒருவருக்குத்தான் அந்த வலி தெரிந்தது. வீரமாமுனிவர் முறையைத் தலைகீழாக்கினார். வெறும் உருவத்தைக் குறிலுக்கு விட்டார். நெடிலுக்கு அடையாளம் சேர்த்தார். ‘எ’ குறில், அதன் காலைக் கீழே இழுத்தால் ‘ஏ’. ‘ஒ’ குறில், அதன் அடியைச் சுழித்தால் ‘ஓ’. ஒற்றைக் கொம்பு குறில். மேலே சுழித்த கொம்பு நெடில். 1730-ஐ ஒட்டி அவர் இயற்றிய தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலிலே இதற்கு இடம் கொடுத்தார்.

இதிலுள்ள நுட்பத்தைத் தொழிலாளித் தோழர்கள் எளிதிலே உணர்வார்கள். கருவி எது, பொருள் எது என்று பார்த்து அவர் செய்த வேலை இது. புள்ளிக்கு எழுத்தாணியைத் தூக்கிக் குத்த வேண்டும். சுழிக்கு அது வேண்டாம். எழுத்தின் கோட்டோடு கோடாகக் கை ஓடிவிடும். ஓலை பொத்தலாகாது, அடையாளமும் விடுபடாது. ஆணியின் குணமும் ஓலையின் குணமும் அறிந்து செய்த திருத்தம். அதனாலேதான் நிலைத்தது. பிறகு அச்சு வந்தபோது, ஈய எழுத்திலும் அதே உருவம் ஏறியது.

எத்தனை எழுத்துகளைத் தொட்டது இந்தத் திருத்தம்? உயிரிலே இரண்டு, பதினெட்டு மெய்யோடும் ஏகாரமும் ஓகாரமும் சேர்ந்த உயிர்மெய் முப்பத்தாறு. ஆக 38 நெடில்களுக்குப் புது உருவம் கிடைத்தது. தமிழின் 247 எழுத்திலே 38! அவற்றின் குறில்களோ, தொலைந்துபோகிற புள்ளியை நம்பி நிற்க வேண்டிய நிலையிலிருந்து விடுபட்டன.

நிகண்டின் பூட்டைத் திறந்த அகராதி

எழுத்தை எளிதாக்கியவர் சொல்லையும் எளிதாக்கினார்.

அகராதி என்று இன்று மிக இயல்பாகச் சொல்கிறோம். அகரத்தை ஆதியாகக் கொண்டு வரிசைப்படுத்தியது என்பது அந்தச் சொல்லின் பொருள். ஆனால், நம் பழைய பொருள்நூல்கள் பெரும்பாலும் அகர வரிசையிலே இல்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்பவை எல்லாம் நிகண்டுகள். பாட்டு வடிவிலே இருப்பவை. தேவர் பெயர் ஒரு தொகுதி, மக்கள் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி என்று வகுத்திருப்பார்கள். முழுவதும் மனப்பாடம் செய்தவருக்கு அது பெருஞ்செல்வம். மனப்பாடம் செய்யாதவருக்கு? தெரியாத சொல்லின் பொருளைத் தேட வேண்டுமானால், அது எந்தத் தொகுதியிலே இருக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பொருள் தெரிந்தால்தான் பொருளைத் தேடலாம் என்ற நிலை!

மனப்பாடத்துக்குக் குரு வேண்டும். குருவிடம் அமர உரிமை வேண்டும், ஓய்வு வேண்டும், சோற்றுக்குக் கவலை இல்லாத வீடு வேண்டும். வயலிலே நாற்று நட்டவனுக்கும் தறியிலே நாடா ஓட்டியவனுக்கும் இவற்றிலே எது இருந்தது?

அகர வரிசையிலே சொற்களை அடுக்கும் எண்ணம் முனிவருக்கு முன்பே இந்த மண்ணிலே தோன்றியதுண்டு. சிதம்பர ரேவண சித்தர் 1594-இல் இயற்றிய அகராதி நிகண்டு அதற்குச் சான்று. ஆனால், அதுவும் பாட்டு வடிவம். முனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியோ, பாட்டைக் கைவிட்டது. சதுர் என்றால் நான்கு. நூலும் நான்கு பகுதி. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது பெயர் அகராதி. ஒரு பொருளுக்குரிய பல சொற்களைச் சொல்வது பொருள் அகராதி. மூவேந்தர், நவமணி போன்ற தொகைப் பெயர்களை விரிப்பது தொகை அகராதி. எதுகைச் சொற்களை அடுக்கித் தருவது தொடை அகராதி. எழுத்தின் வரிசை தெரிந்தால் போதும். எவரும் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்திலே குரு நிற்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்துக்குச் சாமுவேல் ஜான்சன் தந்த புகழ்பெற்ற அகராதி வெளிவந்தது 1755-இல். அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே தமிழுக்குச் சதுரகராதி வந்துவிட்டது. ஆனால், ஜான்சனின் நூல் உடனே அச்சேறியது. நம் அகராதியோ ஏட்டிலேயே கிடந்து, 1824-இல்தான் சென்னையிலே அச்சு கண்டது. அறிவு இருந்தும் அச்சு இல்லாமையால் ஒரு நாடு இழப்பது எவ்வளவு என்பதற்கு இந்தத் தொண்ணூற்றிரண்டு ஆண்டு இடைவெளியே கணக்கு.

கிராமத்துக் கதைக்குச் சொந்தக்காரர்

பரமார்த்த குருவின் கதை தெரியாத தமிழர் வீடு உண்டா? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்க, எரியும் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரிலே தோய்க்கிறார்கள். சுர்ரென்று புகை எழுகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சி ஓடுகிறார்கள். பிறகு அணைந்த கட்டையைத் தோய்க்கிறார்கள்; சத்தமில்லை, ஆறு தூங்கிவிட்டதாம்! கரையேறியபின் தலையை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஒருவன் குறைகிறான். ஆறு விழுங்கிவிட்டது என்று கூடி அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, ஆளுக்கோர் அடி போட்டு எண்ணிக் காட்டியபிறகுதான் தாங்கள் அனைவரும் உயிரோடிருப்பது அவர்களுக்குத் தெரிகிறது.

பாட்டி சொன்ன கதை, பாட்டிக்கு அவள் பாட்டி சொன்ன கதை என்று நாம் நினைத்திருக்கிறோம். இதை ஏட்டிலே எழுதியவர் வீரமாமுனிவர். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய மூடர் கதைகளைப் போன்ற துணுக்குகளைக் கோத்து, தமிழ் மண்ணின் பேச்சிலே குழைத்துத் தந்தார். 1822-இல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் இதை இலண்டனிலே அச்சிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். பாட்டுக்கே மதிப்பிருந்த காலத்திலே, பேசுவதுபோல உரைநடை எழுதியதே ஒரு துணிவு. அந்த உரைநடையிலே குருவை நகைப்புக்கு ஆளாக்கியது இன்னொரு துணிவு. குரு சொன்னால் கேள்வி கேட்காதே என்று பழக்கப்பட்ட சமுதாயத்துக்கு, கேள்வி கேட்காத சீடர்களின் கதி என்ன என்று இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா? பகுத்தறிவு மேடை போட்டுச் சொல்ல வேண்டியதைத் திண்ணையிலே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டது அந்தக் கதை.

பாதிரிதானே என்பவர்களுக்கு

பாதிரியாரைப் பாராட்டுவதா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அவர் மதம் பரப்ப வந்தவர். தமது சமயத்தின் பெருமைக்காகப் பாடினார். தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையாரை எதிர்த்துக் கண்டன நூல்களும் எழுதினார். அவர் பணியாற்றிய மதுரை மிஷன், சாதிப் பாகுபாட்டோடு சமரசம் செய்துகொண்டு நடந்தது என்பதும் வரலாறு. அந்தச் சமரசம் ரோமாபுரி வரையிலே பெரிய வழக்காகிப் போயிற்று. இவற்றை மூடி மறைத்து அவரைப் புகழத் தேவையில்லை.

திருக்குறளை இலத்தீன் மொழியிலே பெயர்த்தார். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்தவர், இன்பத்துப்பாலை விட்டுவிட்டார். துறவியின் கை அங்கே தயங்கிவிட்டது. ஆனாலும், வள்ளுவரின் குரலை ஐரோப்பியப் புலவர்களின் மொழியிலே கேட்கச் செய்த முன்னோடி அவர். பின்னர் 1886-இல் ஜி.யு. போப் தமது ஆங்கிலக் குறளை வெளியிட்டபோது, முனிவரின் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் அதன் குறிப்புகளிலே சேர்த்து அச்சிட்டார்.

இன்னொரு வேடிக்கை. ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காக, கொடுந்தமிழ் என்று பெயரிட்டு, பேச்சுத் தமிழுக்கு இலத்தீனிலே ஓர் இலக்கணம் எழுதினார். அதை அச்சிட்டது யார்? அவர் யாரோடு வாதிட்டாரோ, அந்தத் தரங்கம்பாடி லுத்தரன் சபையார்தான்! மதத்திலே பகை, தமிழிலே உறவு.

மதம் அவரை இங்கே அழைத்து வந்தது. வந்தபிறகு அவரைப் பிடித்துக்கொண்டது தமிழ். தேவாலயத்துக்குள் காலெடுத்து வைக்காதவனும் இன்று அவர் சுழித்த கொம்பை எழுதுகிறான். பள்ளிவாசலுக்குச் செல்பவன் எழுதுகிறான். கோயிலுக்குச் செல்பவன் எழுதுகிறான். எங்கும் செல்லாதவனும் எழுதுகிறான். நாம் பாராட்டுவது அந்தக் கொடையை.

வாள் போயிற்று, எழுத்து நின்றது

1732-இல் விசயரங்க சொக்கநாதர் மறைந்தார். அரசி மீனாட்சி ஆண்டார். 1736-இல் ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் திருச்சியைக் கைப்பற்றினார். மீனாட்சி நஞ்சுண்டு மாண்டார் என்பர். நாயக்கர் ஆட்சி முடிந்தது.

சந்தா சாகிப்பை முனிவர் சென்று கண்டார். அவருடைய மதிப்பைப் பெற்றார். இஸ்மத் சந்நியாசி என்ற பட்டமும், சில ஊர்களின் வருவாயும், திவான் பதவியும்கூடப் பெற்றார் என்று கதை நீளும். புதுவை முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய சரித்திரம் இவற்றை விரிவாகச் சொல்கிறது. திவான் பதவிச் செய்தியை ஆராய்ச்சியாளர்கள் பலர் ஏற்பதில்லை. பதவி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? தமிழ்நாடு அவரை நினைப்பது பல்லக்குக்காக அல்லவே!

1741-இல் மராட்டியப் படை திருச்சியைப் பிடித்தது. சந்தா சாகிப் கைதியாகிச் சதாராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். முனிவர் தெற்கே நகர்ந்தார். கடைசியில் கேரளத்து அம்பலக்காட்டிலிருந்த சபை இல்லத்துக்குச் சென்று, 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் கண்மூடினார். அந்த அம்பலக்காட்டுக்கும் தமிழுக்கும் பழைய உறவு உண்டு. புரோயென்சா பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துகீசிய அகராதி 1679-இல் அச்சானது அங்கேதான். தமிழ் அகராதி ஒன்று அச்சேறிய ஊரிலே, தமிழ் அகராதி தந்தவர் கடைசி மூச்சை விட்டார்.

சந்தா சாகிப் விடுதலையாகித் திரும்பி வந்தார். பிரெஞ்சுப் படையைத் துணைக்கொண்டு திருச்சியை முற்றுகையிட்டார். 1752-இல் நிலைமை மாறியது. அவரும் பிரெஞ்சுப் படையும் திருவரங்கம் தீவிலே சிக்கிக்கொண்டார்கள். கோயில் மதில்களே பாசறை ஆயின. பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் பணிந்தது. சந்தா சாகிப் தஞ்சைத் தளபதியின் கையிலே அகப்பட்டுத் தலையிழந்தார். நாயக்கர், நவாப், மராட்டியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அந்த ஆற்றங்கரையிலே எத்தனை கொடிகள் ஏறி இறங்கின! இறங்காமல் நின்றது, ஓர் ஓலையிலே ஒரு துறவி சுழித்த கொம்பு.

தொடாதே என்றவர்களும் தொட்டவர்களும்

வீரமாமுனிவர் வாழ்வு நமக்குச் சொல்லும் செய்தி இதுதான்: தமிழ் எழுத்து வானத்திலிருந்து விழுந்ததன்று; அது மனிதர் கையால் ஆனது, மனிதர் கையால் திருந்தி வந்தது. மக்கள் எளிதாகக் கற்க வேண்டும் என்ற ஒரே காரணம், அதைத் திருத்துவதற்குப் போதுமான காரணம்.

தந்தை பெரியார் 1935-இல் குடிஅரசு ஏட்டிலே எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கியபோது, இந்தச் செய்தி தெரியாதவர்கள் எத்தனை கூச்சல் போட்டார்கள்! தொல்லெழுத்தைத் தொடலாமா, தெய்வ எழுத்தைச் சிதைக்கலாமா என்றார்கள். அவர்கள் அந்தக் கண்டனத்தை எழுதியபோதே, ஏகாரத்தையும் ஓகாரத்தையும் முனிவர் திருத்திக் கொடுத்த வடிவிலேதான் எழுதினார்கள்! துருக்கியிலே கமால் பாட்சா 1928-இல் எழுத்தையே அடியோடு மாற்றிவிட்டார். பெரியார் அவ்வளவு தூரம் போகவில்லை. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் மட்டும் தனித்தனி வளைவும் துதிக்கையுமாக நிற்பானேன், மற்ற எழுத்துகளைப்போலவே காலும் கொம்பும் போடலாமே என்றார். அச்சுக்கோக்கும் தொழிலாளியின் பெட்டியிலே அறைகள் குறையும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தலையிலே சுமை குறையும் என்றார். 1978 அக்டோபரிலே தமிழக அரசு அதை ஆணையாக்கியது. இன்று அது பழைய எழுத்தா, புதிய எழுத்தா என்று எந்தக் குழந்தைக்கும் தெரியாது. அதுவே வெற்றி.

அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968 சனவரியிலே, சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. கடற்கரையிலே வள்ளுவரோடும் இளங்கோவோடும் கம்பரோடும் வரிசையிலே வீரமாமுனிவருக்கும் சிலை எழுந்தது. போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் எழுந்தது. பிறந்த நாட்டையும் வணங்கிய கடவுளையும் பார்த்து இடம் ஒதுக்கிய வரிசை அன்று அது. தமிழுக்குச் செய்த தொண்டைப் பார்த்து இடம் கொடுத்த வரிசை.

சிலைக்கு மாலை போடுவது எளிது. முனிவரின் வேலையைத் தொடர்வதுதான் கடினம். குரு இல்லாதவனும் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் அகராதியின் பொருள். நம் இயக்கத்தின் படிப்பகங்களும் அதே பொருளுக்காகத் தோன்றியவைதாம். சிகை திருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் ஏடு படிக்க, பத்துப் பேர் கேட்டு வளர்ந்த இயக்கம் இது. ஆனால், இன்று எத்தனை படிப்பகங்களிலே ஒரு நல்ல தமிழ் அகராதி இருக்கிறது? பத்திரிகையைப் புரட்டிவிட்டுப் போகும் தோழர், தெரியாத சொல்லைத் தேடிப் பார்க்க வழி இருக்கிறதா?

ஒவ்வொரு கிளையும் தன் படிப்பகத்துக்கு ஓர் அகராதி வாங்கி வைக்கட்டும். பூட்டிய அலமாரியிலே வேண்டாம். கை எட்டும் மேசையிலே வைக்கட்டும். தொழிலாளியின் பிள்ளை வந்து, அகரம் முதலாக விரலை ஓட்டி, தனக்கு வேண்டிய சொல்லைத் தானே கண்டுபிடிக்கட்டும்.